நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் நண்பரோடு இளைப்பாறுவது: நெல்லைச் சீமைக்கு ஒரு வழிகாட்டி

முதன்முறை இருவராகச் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வேகமாக மிதிப்பவர் முன்னால் போய் ஒரு புளியமரத்தடியில் நின்று பத்து நிமிடம் காத்திருப்பார். பின்னால் வருபவர் மூச்சு வாங்க வந்து சேருவார். "வந்துட்டியால? கிளம்புவமா?" என்று முன்னவர் பெடலில் கால் வைப்பார். முன்னவருக்குப் பத்து நிமிட ஓய்வு, பின்னவருக்கு ஒன்றுமில்லை. யாருக்கு ஓய்வு அதிகம் வேண்டுமோ அவருக்கு அது கிடைக்கவே இல்லை. மூன்று நிறுத்தம் இப்படி நடந்தால் நாற்பதாவது கிலோமீட்டரில் பின்னவருக்குக் காலும் ஓய்ந்துபோகும், மனமும் விட்டுப்போகும்.

ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான்: இரண்டாவது ஆள் கால் ஊன்றிய பிறகுதான் ஓய்வு தொடங்குகிறது. கடிகாரத்தை அப்போதுதான் பார்க்க வேண்டும். முன்னவர் ஏற்கெனவே எவ்வளவு நேரம் நின்றிருந்தாலும் அது கணக்கில் சேராது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றை எப்படிச் சரியாக நடத்துவது என்பதைப் பற்றித்தான்.

பாதையைப் பிரிப்பது

புதியவர்களுக்குத் தோதான பாதை என்றால் திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போய்த் திரும்புவதைச் சொல்லலாம். ஒரு வழி ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என ஊர்கள் அடுத்தடுத்து வருவதால் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. கால் ஓயவைக்கும் ஏற்றமும் கிடையாது. கல்லிடைக்குறிச்சி வரை தாமிரபரணி வலக்கைப் பக்கமாகவே வரும். அங்கே பாலம் தாண்டினால் அம்பை என்கிற அம்பாசமுத்திரம்.

புதியவர் இருவர் சேர்ந்து போனால் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். காலை 5.30-க்குக் கிளம்பினால் 6.15 வாக்கில் ஒரு சிறு நிறுத்தம், ஏழு மணிக்குச் சேரன்மகாதேவியில் தேநீர், எட்டரைக்கு அம்பையில் இட்லி, 9.30-க்குள் பாபநாசம். பிற்பகல் மூன்றரை வரை அங்கேயே ஓய்வு. வெயில் தாழ்ந்ததும் திரும்பினால் நிறுத்தங்களோடு சேர்த்து ஏழு மணிக்கு வீடு. நாளின் நடுவில் ஆறு மணி நேரம் சும்மா இருப்பதா என்று தோன்றும். நம் ஊர் வெயிலில் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே மிதிக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரும் காலையின் இரண்டு கிலோமீட்டருக்குச் சமமாக உடம்பை எடுத்துவிடும். அந்த ஆறு மணி நேரம்தான் திரும்பி வருகிற 45 கிலோமீட்டரைச் சாத்தியமாக்குகிறது.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைக் கணவாயையும் ஆரல்வாய்மொழிக் கணவாயையும் ஊடுருவிக்கொண்டு மேல்காற்று வீசும். அந்த மாதங்களில் மேற்கே போவது எதிர்க்காற்று, திரும்புவது இறங்குமுகம். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதால் ஐந்து மணிக்கே கிளம்பி, போகும்போது நிறுத்தங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காற்றாலைகள் அங்கே நிற்பதே அந்தக் காற்றுக்காகத்தான். அங்கெல்லாம் நிழல் மட்டும் போதாது, காற்றுக்கு மறைவாக ஒரு சுவரும் வேண்டும். வியர்த்த உடம்பில் அந்தக் காற்று அரைமணி நேரம் அடித்தால் தசை இறுகிவிடும், தாகம் எடுப்பதும் தெரியாது.

சாத்தான்குளத்திலிருந்து திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டு வழியாகப் போவதானால் நடுப்பகல் ஓய்வை அங்கே வைக்காதீர்கள். செம்மணலும் பனையும்தான். பனையின் நிழல் ஒரு ஆளுக்குக்கூடப் போதாது.

யார் எதைச் சுமப்பது

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், இரண்டு பாட்டிலாக. ஆளுக்கொரு சாரம் (லுங்கி), ஒரு துண்டு. சாரத்தைக் கட்டிக்கொண்டு உடை மாற்றலாம், விரிக்கலாம், மரக்கிளையில் கட்டி வெயில் மறைக்கலாம். பெண்கள் சாரத்துக்குப் பதில் ஒரு பெரிய துப்பட்டா வைத்துக்கொள்ளலாம்.

இருவருக்கும் பொதுவாக ஒரு கோரைப்பாய். பத்தமடைப் பாய் என்றதும் பட்டுப்போல் மின்னும் கல்யாணப் பாய்தான் நினைவுக்கு வரும். அது இதற்கில்லை. அதே ஊரில் கிடைக்கும் சாதாரண முரட்டுக் கோரைப்பாய் போதும். பிளாஸ்டிக் பாயில் முதுகு வியர்த்து ஒட்டும், கோரையில் ஒட்டாது. சுருட்டிக் கேரியரில் நீளவாக்கில் கட்டுங்கள். குறுக்கே கட்டினால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, ஒட்டி வரும் பஸ்ஸில் தட்டும்.

இனி ஒரு முக்கியமான சங்கதி. பம்பு, ஒட்டு, சொலூஷன், டயர் லீவர், மாற்று டியூப், ஸ்பேனர் எல்லாம் பின்னால் வருபவரிடம் இருக்க வேண்டும். முன்னவருக்குப் பஞ்சர் ஆனால் பின்னவர் எப்படியும் வந்து சேருவார். பின்னவருக்குப் பஞ்சர் ஆகும்போது சாமான் முன்னவரிடம் இருந்தால், அவர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிழலில் உட்கார்ந்துகொண்டு ‘ஏன் இன்னும் காணோம்’ என்று யோசித்துக்கொண்டிருப்பார். பாயும் சாப்பாடும் முன்னவர் எடுத்துப் போகட்டும். முதலில் போய்ச் சேருபவர் இடம் பார்த்துப் பாய் விரித்து வைத்தால், பின்னவர் வந்ததும் நேராக உட்காரலாம்.

சில்லறையாக: ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம் நான்கு, ஒரு சிறு டப்பாவில் உப்பு, தேங்காய் எண்ணெய், கத்தி, பூட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் விளக்கு.

சிறு நிறுத்தம்

நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம். களைப்பு வந்த பிறகு நிற்பதல்ல இது, வராமலிருக்க நிற்பது. நிற்கப் போகும் இடத்துக்கு இருநூறு முந்நூறு மீட்டர் முன்பே கியரைக் குறைத்து மெதுவாக மிதியுங்கள். வேகமாக வந்து சட்டென்று இறங்கி நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். புதியவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். இறங்கியதும் உட்காராமல் ஒரு நிமிடம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தால் இது வராது.

ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஹேண்டில்பாரில் அழுத்தி மரத்துப்போன உள்ளங்கையை உதறுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மதமதவென்று இருந்தால் கையின் அடிப்பகுதி நரம்பு நசுங்குகிறது என்று பொருள். அடுத்த ஓட்டத்தில் பிடியை அடிக்கடி மாற்றுங்கள். சுவரில் கை ஊன்றி, பின்காலை நீட்டிக் குதிகாலைத் தரையில் பதித்துக் கெண்டைக்காலை முப்பது விநாடி இழுங்கள். இரண்டு காலுக்கும் ஒவ்வொரு முறை போதும். துள்ளித் துள்ளி இழுக்கக் கூடாது.

பிறகு இருவர் பாட்டிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நண்பரைப் பார்த்து "களைப்பா இருக்கா?" என்று கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் வரும், அதை நம்ப முடியாது. பாட்டில் பொய் சொல்லாது. மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை இறங்கியிருக்க வேண்டும். ஒருவர் பாட்டில் நிரம்பியே இருந்தால் அவரை அங்கேயே குடிக்க வையுங்கள். பேச்சு குறைவது, கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வது, தலை தொங்குவது, வழக்கமாகப் பக்கத்தில் வந்தவர் மெல்லப் பின்தங்குவது இவையெல்லாம் அடுத்த நிறுத்தத்தை முன்கூட்டியே வைக்க வேண்டும் என்பதற்கான அறிகுறிகள்.

நிற்கச் சொல்வது எப்போதும் களைத்தவரின் பொறுப்பாக இருக்கக் கூடாது. கூச்சம் தடுக்கும். ஒரு நிறுத்தத்தை ஒருவர், அடுத்ததை மற்றவர் என்று முறை வைத்துக்கொண்டால் யாரும் யாருக்காகவும் நிற்பதாகத் தோன்றாது.

நிழல் பார்ப்பது

நிழல் எல்லாம் ஒன்றல்ல. புங்கை, வேம்பு, ஆல், மருது இவற்றின் அடி குளுமையானது. புளியமரம் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறைய உண்டு. நிழல் அடர்த்தி, ஆனால் பெரும்பாலும் தார்ச்சாலையை ஒட்டியே இருக்கும். வண்டி ஓடும் தடத்திலிருந்து பத்தடியாவது உள்ளே தள்ளி உட்கார முடிந்தால் மட்டும் அங்கே தங்குங்கள். தென்னைக்கும் பனைக்கும் அடியில் படுக்கவே கூடாது. நெற்றும் மட்டையும் சொல்லிவிட்டு விழுவதில்லை. பனையில் கதண்டு கூடு கட்டியிருக்கவும் கூடும். மாமரத்தடியில் முசுறு எறும்பு இருக்கிறதா என்று இலைகளைப் பாருங்கள். இலைகளை ஒட்டிப் பந்துபோல் கூடு தெரிந்தால் வேறு இடம் தேடுங்கள்.

நிழல் நகரும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்குப் படுத்தால், சூரியன் மேற்கே சாயச் சாய நிழல் கிழக்கே போகும். ஆகவே மரத்துக்குக் கிழக்குப் பக்கம் பாயை விரியுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் நிழல் உங்கள் மேல் இருக்கும். சித்திரை மாதம் பிறக்கும் சமயத்தில் நம் பகுதியில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நிழல் காலடியிலேயே கிடக்கும். அப்போது சுவர் நிழலை நம்பிப் பயனில்லை, கூரையோ அடர்ந்த கிளையோ வேண்டும்.

கூரை என்றால் கல்மண்டபத்துக்கு ஈடு கிடையாது. திருச்செந்தூர்ச் சாலையிலும் ஆற்றங்கரை ஊர்களிலும் பாதயாத்திரை போகிறவர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய மண்டபங்கள் இன்றும் நிற்கின்றன. சில இடங்களில் பக்கத்திலேயே சுமைதாங்கிக் கல்லும் இருக்கும். தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கவும் ஏற்றிக்கொள்ளவும் தோள் உயரத்துக்கு நட்ட கல் அது. இளைப்பாறுவதை ஓர் ஏற்பாடாக, ஊர்ப் பொறுப்பாக நினைத்த மண் இது. அந்தக் கல்லைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மண்டபத்தில் படுக்கும் முன் மேலே பாருங்கள். வௌவால் இருந்தால் தரையில் எச்சம் இருக்கும். கல் இடுக்கையும் மூலையையும் ஒரு குச்சியால் தட்டுங்கள். வயலையும் கற்குவியலையும் ஒட்டிய இடங்களில் கண்ணாடிவிரியன் இருக்க வாய்ப்புண்டு. தட்டாமல் கை வைக்கக் கூடாது.

வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டியிருந்தால் கேட்டுவிட்டு உட்காருங்கள். "ஆச்சி, இந்தத் திண்ணையில கொஞ்ச நேரம் இருந்துக்கிடட்டுமா?" என்றால் பெரும்பாலும் செம்பில் தண்ணீரும் சேர்ந்தே வரும். கடை வாசல் என்றால் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டு, ஒரு தேநீராவது குடித்துவிட்டு, சைக்கிளை எங்கே நிறுத்தலாம் என்று அவரிடமே கேளுங்கள். அதன் பிறகு உங்கள் சைக்கிளுக்கு அவரே காவல். பெண்கள் இருவராகப் போகும்போது ஆளில்லாத குளக்கரையைவிட, ஆள் நடமாட்டமுள்ள கோயில் வாசலும் ஊர் நடுவிலுள்ள தேநீர்க் கடையும் நல்லவை. கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க்கே வசதி, டயருக்குக் காற்றும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

முள்

நிழலுக்காகச் சாலையை விட்டு இறங்கும்போதுதான் பெரும்பாலான பஞ்சர் ஆகிறது. உடைமரமும் சீமைக்கருவேலமும் எங்கும் இருக்கின்றன. குளக்கரையில் நெருஞ்சி படர்ந்திருக்கும். ஆகவே சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்காதீர்கள், தூக்கிக்கொண்டு இறங்குங்கள். கனமான கேரியர் சைக்கிளாக இருந்தால் இருவரும் சேர்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கலாம். சாய்க்க மரமில்லாமல் தரையில் படுக்க வைத்தால் செயின் பக்கம் மேலே இருக்கட்டும். கியர் சைக்கிளில் பின்கியர் மண்ணில் அமுங்கினால் வளைந்து, கிளம்பியதும் செயின் தாவும்.

கிளம்பும் முன் இரண்டு டயரையும் மெல்லச் சுழற்றி, ஒரு துணியை மேலே பிடித்துப் பாருங்கள். முள் இருந்தால் துணி மாட்டும். மாட்டிய முள்ளை உடனே பிடுங்காதீர்கள். டியூபைத் துளைத்திருந்தால் முள்ளே அடைப்பாக நின்றிருக்கும். ஒட்டும் பம்பும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, நிழலிலேயே பிடுங்கிப் பாருங்கள். வெயிலில் நடுவழியில் டியூப் மாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தண்ணீரும் வாய்க்கு வேண்டியதும்

வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துத் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். களைப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிப்பார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது உப்புச் சேர்ந்த ஒன்று வேண்டும். உப்புப் போட்ட எலுமிச்சை சோடா, நீர்மோர், சுண்டல், வறுத்த கடலை, எது கிடைத்தாலும் சரி. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பாட்டிலில் பாதியாகப் பிரித்துப் போடாதீர்கள். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு என்று எழுதியிருந்தால் ஒரு லிட்டரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும்.

இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கொண்டால்தான் வியர்வைக்கு ஈடாகும். பதநீர்க் காலத்தில், அதாவது தை, மாசி தொடங்கிக் கோடை முழுவதும், காலை எட்டு மணிக்குள் பனங்காட்டு ஓரம் பனையோலைப் பட்டை பிடித்துக் குடிக்கும் சுகத்தை விட்டுவிடாதீர்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கியதுதான் பதநீர். வெயில் ஏறிய பிறகு புளித்துவிடும், வயிற்றைக் கலக்கும். ஒரு பட்டை போதும், பழக்கமில்லாதவருக்கு அரைப் பட்டை. கோடையில் நுங்கு கிடைத்தால் அதைவிடக் குளுமை வேறில்லை.

மிதிக்கும்போது மணிக்கொரு ஏத்தம்பழமோ, இரண்டு சிறு பழமோ, ஒன்றிரண்டு கோவில்பட்டிக் கடலை மிட்டாயோ போதுமானது. காலையில் அம்பையில் நான்கு இட்லி. இரண்டு புரோட்டாவும் சால்னாவும் அடித்தால் அடுத்த ஒரு மணி நேரம் வயிறுதான் வேலை செய்யும், கால் செய்யாது. புரோட்டாவை ராத்திரி வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அல்வாவையும்தான். மதியத்துக்குத் தயிர்ச்சோறு, எலுமிச்சைச் சோறு, தொட்டுக்கொள்ள உப்பு ஊறுகாய். காலையில் கட்டிய தயிர்ச்சோறு வெயிலில் புளிக்கும் என்பதால் பாலூற்றி, கொஞ்சமாகத் தயிர் சேர்த்துப் பிசைந்து கொண்டுபோவார்கள். நல்ல பழக்கம்.

சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருக்கும் வரை சரி. அடர் மஞ்சள் என்றால் நிறுத்தத்தை நீட்டிக் குடியுங்கள். கடுங்காப்பி நிறத்தில் போனால் அது தாகமல்ல, தசை சிதைவதன் அறிகுறியாக இருக்கலாம். பயணத்தை நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆற்றில்

பாபநாசம் போய் ஆற்றில் இறங்காமல் வர முடியாது. கால்களைப் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் விட்டாலே தொடையின் கனம் பாதி குறைந்துவிடும். முதலில் படித்துறையில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து நிமிடம் மூச்சு அடங்கட்டும், வியர்வை காயட்டும். பிறகு முழங்கால் அளவு. களைத்த கெண்டைக்கால் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆழத்தில் அது நடந்தால் நீச்சல் தெரிந்தவரும் தத்தளிப்பார். அதனால் ஒருவர் தண்ணீரில் இருக்கும்போது மற்றவர் படியில் இருக்க வேண்டும். இருவரும் ஒன்றாக இறங்குவது இந்த ஒரு நாளுக்கு வேண்டாம். சாப்பாடு குளித்த பிறகுதான்.

அணைக்கட்டுகளின் அருகில் இறங்காதீர்கள். கன்னடியன், சுத்தமல்லி, மருதூர் என்று இந்த ஆற்றின் குறுக்கே பழைய அணைக்கட்டுகள் பல உண்டு. மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், மதகுப் பக்கம் உள்ளிழுக்கும். கீழே விழும் இடத்தில் சுழலும். மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரியாது, ஓரடி தள்ளி ஆளுயர ஆழம் இருக்கும். பாசி படிந்த படியில் சைக்கிள் ஷூவோடு கால் வைத்தால் வழுக்கும். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியுமாக வரத் தொடங்கினால் மேலே தண்ணீர் திறந்திருக்கலாம், அல்லது மலையில் மழை. உடனே கரையேறுங்கள். 2023 டிசம்பரில் இந்த ஆறு எப்படிப் பெருகியது என்பதைக் கரையோர ஊர்களில் யாரும் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் படித்துறையோடு நிற்பதே நல்லது.

கட்டிய துணியை ஆற்றில் விட்டுவரும் வழக்கத்தைப் பின்பற்றாதீர்கள். அந்தத் துணிகள் அடியில் கிடந்து, குளிக்கிறவர் காலைத்தான் சுற்றுகின்றன. குரங்குகள் உண்டு. சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுப் போனால் திரும்பி வரும்போது பையின் வார் மட்டும் இருக்கும்.

மத்தியானத் தூக்கம்

சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்து, இருபது நிமிடம். அலாரம் வையுங்கள். அரைமணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழுந்த பிறகு ஒரு மணி நேரம் மந்தமாகவே இருக்கும். பொதுவிடத்தில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும். அதிகம் களைத்தவருக்கு முதல் முறை. விழித்திருப்பவர் போனில் மூழ்கிவிடாமல், சைக்கிள் தெரியும்படி உட்காரட்டும். இரண்டு சைக்கிளையும் ஒன்றோடொன்று எதிரெதிராகச் சேர்த்து, இரண்டின் சட்டத்தையும் வளைத்து ஒரே பூட்டால் பூட்டினால் போதும்.

படுக்கும் முன் ஷூவையும் காலுறையையும் கழற்றி வெயிலில் காயப்போடுங்கள். ஈர டவுசரை மாற்றிச் சாரம் கட்டிக்கொள்ளுங்கள். வியர்வை உப்பும் உரசலும் சேர்ந்துதான் தொடை இடுக்கில் புண்ணாகிறது. தண்ணீரில் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தடவினால் திரும்பும் வழியில் எரியாது. மெத்தை வைத்த சைக்கிள் டவுசருக்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது, அதன் தையல்தான் வெட்டும். முதுகு பாயில் இருக்க, காலை மரத்திலோ சுவரிலோ உயர்த்தி வைத்துப் பத்து நிமிடம் கிடந்தால் காலில் தேங்கியது இறங்கும். ஹெல்மெட்டைத் தலையணையாக்காதீர்கள், உள்ளிருக்கும் நுரை நசுங்கினால் அது விழும்போது காப்பாற்றாது. போனையும் பவர்பேங்கையும் வெயிலில் விட வேண்டாம்.

இந்த நேரத்தில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றில்லை. நல்ல நண்பரோடு ஒரு மணி நேரம் பேசாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கிடப்பதும் ஓய்வுதான். போகவேண்டிய தூரத்தைப் பற்றிய கணக்கை மட்டும் அப்போது எடுக்காதீர்கள், அது களைப்பைக் கூட்டும்.

ஓய்வு போதாதபோது

காலில் குறக்களி (தசைப்பிடிப்பு) பிடித்தால் சைக்கிளிலிருந்து இறங்கி உட்கார்ந்து, முழங்காலை நீட்டச் சொல்லுங்கள். நண்பர் குதிகாலை ஒரு கையில் தாங்கி, மறுகையால் கால்விரல்களை முழங்காலை நோக்கி மெதுவாகத் தள்ளி, முப்பது விநாடி பிடிக்க வேண்டும். விட்டதும் லேசாக நீவலாம், அடிக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். குடித்து இருபது நிமிடம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும். ஒரே நாளில் மூன்றாவது முறை பிடித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அம்பாசமுத்திரத்தில் ரயில் நிலையமும் உண்டு, பஸ்ஸும் உண்டு.

தலைசுற்றல், குமட்டல், அதிக வியர்வை என்றால் நிழல், தண்ணீர், உப்பு, ஒரு மணி நேரம். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் உளறினாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ அது வெயில் அடித்ததன் உச்சம். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை சும்மா இருக்காமல் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108 வழியாக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். அம்பைப் பக்கமென்றால் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை, நெல்லையை நெருங்கிவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை.

மறுபடி ஏறுவது

எழுந்ததும் முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, ஐம்பது அடி நடந்துவிட்டு வாருங்கள். ஒரு சுக்குக்காப்பியோ கருப்பட்டிக் காப்பியோ கிடைத்தால் நல்லது. டயர் பார்த்தாயிற்றா, பாட்டில் நிரப்பியாயிற்றா, பாய் கட்டியாயிற்றா என்று ஒருவர் சொல்ல மற்றவர் தொட்டுக் காட்டட்டும். சாவியும் போனும் மண்டபத்தில் மறந்துபோவது இந்த நேரத்தில்தான்.

முதல் பத்து நிமிடம் லேசான கியர், வேகம் 10, 12-க்கு மேல் வேண்டாம். ஓய்வுக்குப் பிறகு சீட் வலி முதல் ஐந்து நிமிடம் கூடுதலாகத் தெரியும், பிறகு அடங்கும். அதுவரை அவ்வப்போது எழுந்து நின்று மிதியுங்கள். மெதுவாக மிதிப்பவர் முன்னால் போகட்டும். திரும்பும் வழி முழுக்க வேகத்தை அவர்தான் வைக்க வேண்டும். சாலையில் ஒருவர் பின் ஒருவராகவே போங்கள்.

கடைசித் தேநீர் நிறுத்தம் சேரன்மகாதேவியில், ஐந்தேகால் ஐந்தரை வாக்கில். இன்னும் இருபது கிலோமீட்டர்தான் என்று அதைத் தாண்டிப் போகத் தோன்றும். வெளிச்சம் மங்கி, களைப்பும் சேர்ந்து கவனம் சிதறும் நேரம் அது, நிற்காமல் போகக் கூடாது. ஒரு தேநீர், ஒரு பழம். இருவர் சைக்கிளிலும் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒருவர் மற்றவருடையதைப் பாருங்கள், தன்னுடையது தன் கண்ணுக்குத் தெரியாது.